இலை ஓரம்

மறுவீட்டுச் சொதிக்கு
வீரவநல்லூர் வந்த மாப்பிள்ளை
இலையின் ஓரத்தில்
ஒரு காலனி கட்டினார்.

முதலில் முருங்கைக்காய்கள், வரிசை வீடுகளாக.
பிறகு பீன்ஸ். பிறகு பட்டாணி, ஒவ்வொன்றாக,
மூக்குக் கண்ணாடியில் தேங்காய்ப்பால் ஆவி படியப் படிய.
உருளைக்கிழங்கைக்கூட விரலால் புரட்டிப் பார்த்தார்,
அது உருளைக்கிழங்குதானா என்று.

முப்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தவசுப்பிள்ளை ஈரத் துண்டோடு ஓடி வந்தார்.
“உப்பு கூடிட்டோ மாப்ளே?”
“இல்ல, வயிறு சரியில்ல.”
அதன் பிறகு மூன்று கரண்டி வெறுஞ்சோறும்
எட்டு அப்பளமும்
சரியில்லாத அந்த வயிற்றுக்குள்ளேயே போயின.

கோமு சித்தி என் விலாவில் இடித்தாள்.
“ஏட்டி, ஒம் மாப்பிள்ள சோறு திங்காரா,
சோதனை போடுதாரா?”
நான் சிரித்தேன்.
அவர் காதில் விழுந்தது.
காது மடல் சிவந்ததைப் பார்த்த பிறகும்
கொஞ்சம் சிரித்தேன்.

அன்றிரவு மச்சில் கேட்டேன், ஏன் என்று.
சின்ன வயதில் யாரோ வாயில் திணித்திருப்பார்கள்,
அடித்திருப்பார்கள் என்று
நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.
அப்படி ஒன்றும் இல்லையாம்.
“வழவழன்னு இருந்தா
தொண்ட தாழ்ப்பாள் போட்டுக்கிடும்.
நான் போடல. அதுவா போடும்.”
முப்பத்தோரு வயது சிவசைலம்
எதிரே இல்லாத இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு அப்படியெல்லாம் கிடையாது,
பாகற்காயிலிருந்து சுண்டைக்காய் வரை தின்பேன்
என்று பெருமையாகச் சொல்லி முடிக்கும்போது
எங்கோ கணக்கு உதைத்தது.
எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியதையெல்லாம் தின்பவள் நான்.
ஏறாதது எதையும்
இருபத்தாறு வருஷத்தில் தொட்டதில்லை.

அடுத்த வாரம் ஜங்ஷன்.
ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில்
அவர் வழக்கமாகப் போகும் புரோட்டாக் கடை.
அங்கே அவர் வேறு ஆள்.
கல்லில் கரண்டி தட்டும் சத்தத்திலேயே
தோள் இரண்டும் இறங்கிவிட்டன.
“நாலு புரோட்டா. சால்னா வேண்டாம், சீனி.”
பையன் ஏன் என்று கேட்காமல் வைத்துவிட்டுப் போனான்.
பிய்த்து, சீனியில் புரட்டி
என் பக்கம் தள்ளினார்.

விரலெல்லாம் எண்ணெய்.
எதிர் மேசையில் எலும்பு.
என் தொண்டையில்
தாழ்ப்பாள் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

“வேண்டாம்னா வேண்டாம், விடு” என்றார்,
விலாவில் இடிக்க ஆள் தேடாமல்.
அதற்காகவே ஒரு துண்டு போட்டேன்.
முதலில் எண்ணெய்.
அப்புறம் சீனி நறநறத்தது.
அப்புறம் ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்ப
இன்னொரு துண்டு தேவைப்பட்டது.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு சொதி வைக்கிறேன்.
அவருக்குக் காய் ஒதுக்கி, பால் மட்டும்.
ஆடியில் ஒரு பட்டாணி உள்ளே போனது.
நான் பார்க்கவில்லை,
தண்ணீர்க் குடத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.
ஐப்பசியில் இஞ்சிப் பச்சடி, நகக்கண் அளவு,
தொடர்ந்து ஒரு செம்புத் தண்ணீர்.
முருங்கைக்காயைக் கடித்தார், துப்பினார்,
“கயிறு” என்றார்.
நான் ஒன்றை எடுத்து மென்று பார்த்தேன்.
கயிறுதான்.

புரோட்டாவில் நான் இரண்டு வரைக்கும் வந்திருக்கிறேன்.
சால்னா வாளி பக்கத்தில் வந்தால்
இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று கோமு சித்தி போன் போட்டாள்.
“இப்பமாவது எல்லாம் திங்காரா?”
எல்லாம்னா எது சித்தி
என்று கேட்க வாயெடுத்து,
“பட்டாணி திங்காரு” என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

கத்தரிக்காயைப் பற்றி மட்டும்
இந்த வீட்டில் இன்னும் யாரும் பேசுவதில்லை.